ஒரு புள்ளி வித்தியாசம்

இரண்டு ஃபோல்டர்களும் ஒரே அளவு. ஒரு பைட்கூட ஏறவோ இறங்கவோ இல்லை. உள்ளே இருந்த ஃபைல்களின் பெயர்களும் ஒன்றேதான். ஆனால் இரண்டையும் அக்கம்பக்கமாக வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிற சாஃப்ட்வேர், ஒவ்வொரு ஃபைலுக்கு நேராகவும் சிவப்புக் குறி போட்டிருந்தது. எல்லாமே வேறு வேறு, என்றது அது.

நதியா மறுபடியும் கம்பேர் பட்டனை அழுத்தினாள். பச்சைப் பட்டை இடமிருந்து வலமாக மெல்ல ஊர்ந்து முடிந்தது. அதே சிவப்பு வரிசை. இடது பக்கம் அவளுடைய ஃபோல்டர், வலது பக்கம் சுகாசினியுடையது. அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். நாற்காலிக் கால் தரையில் தேய்ந்த சத்தம் அந்த மாடி முழுக்கக் கேட்டது. அப்போதுதான் தெரு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்பதைக் கவனித்தாள்.

அன்று கார்த்திகை மாத அமாவாசை. அமாவாசையில் காஞ்சிபுரத்துத் தறிகள் ஓடுவதில்லை. மற்ற நாட்களில் காமாட்சியம்மன் கோயிலுக்குப் பின்னால் இருக்கிற அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு தறிப் பலகை அடிக்கிற சத்தம் காலையிலிருந்தே எழுந்து, சுவரிலும் ஜன்னல் கம்பியிலும் டீ டம்ளரிலும் அதிர்ந்துகொண்டே இருக்கும். பழகிய காதுக்கு அப்படி ஒரு சத்தம் இருப்பதே தெரியாது, நின்றால்தான் தெரியும். இன்று நின்றிருந்தது. பிற்பகல்தான், ஆனாலும் மழை மேகம் இறங்கி வெளிச்சம் பழுத்துக் கிடந்தது. ஓட்டுத் தாழ்வாரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. காலையில் கடைக்குக் கடை வாசலில் உடைத்த பூசணிக்காய்கள் மழையில் ஊறி, குங்குமத் தண்ணீராகத் தெருவில் ஓடிக்கொண்டிருந்தன. அந்தப் பச்சை வாடை மாடி வரைக்கும் வந்தது.

ஆபீஸுக்கு விடுமுறை. நதியாவிடம் மாற்றுச் சாவி இருந்தது. கீழே ஷட்டரைத் தூக்கி உள்ளே வந்து, மறுபடி இறக்கிவிட்டு, மாதிரித் தறியைத் தாண்டி மாடி ஏறி வந்திருந்தாள். யாராவது கேட்டால் பேக்கப் எடுக்க வந்தேன் என்று சொல்லலாம் என வரும் வழியிலேயே செவிலிமேட்டு பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்து வைத்திருந்தாள். கேட்கத்தான் யாரும் இல்லை.

அவளுக்குப் பொறாமை. அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

அந்த ஆபீஸின் வேலை, பட்டுப் புடவைகளுக்கு டிசைன் போட்டுத் தருவது. நதியா வரைவாள். யாளியும் அன்னமும் ருத்திராட்சமும் மயில்கண்ணும் அவள் கையிலிருந்துதான் பிறக்கும். கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக அவள் வரைந்து தன் ஃபோல்டரில் போடுவதை, சுகாசினி எடுத்து, தறிக்கு ஏற்றபடி சரிபார்த்துத் தன் ஃபோல்டரில் வைப்பாள். தறிக்குப் போவது சுகாசினியின் ஃபோல்டர். சமைப்பவள் ஒருத்தி, பரிமாறுபவள் ஒருத்தி என்பது போல. சாப்பிட்டவர்களுக்குப் பரிமாறியவள் முகம்தானே தெரியும்.

முதலாளி மகாவீரன் நல்ல மனிதர்தான். பருத்தித் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு புடவை தறியிலிருந்து இறங்கும்போதும் வந்து தடவிப் பார்ப்பார். பார்த்துவிட்டு, சுகாவுக்குக் கை ராசி என்பார். இரண்டு வருடமாக இதே பேச்சு. அவள் கை பட்ட டிசைனில் இழை அறுவதில்லை, ஜரிகை கறுப்பதில்லை, புடவை கடையில் தங்குவதில்லை. ஒருமுறை சுகாசினி தன் அக்கா கல்யாணத்துக்கு லீவு போட்டபோது நதியா தன் டிசைன்களை நேரடியாகத் தறிக்கு அனுப்பினாள். பாவு நூல் அறுந்துகொண்டே இருந்தது. ஒரு புடவையில் ஜரிகை பாதியில் கறுத்தது. இன்னொன்றை நெய்தவரே பாதியில் அறுத்துக் கொண்டுவந்து, இதை நெய்ய முடியலைபா, உட்கார்ந்தா முதுகுல யாரோ பாக்கற மாதிரி இருக்குது என்று போட்டுவிட்டுப் போனார். டிசைன் நதியாவுடையதுதான். ஆனால் சுகா கை படவில்லையே என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

அதையெல்லாம்கூட அவள் விழுங்கிக்கொண்டாள். விழுங்க முடியாதது நேற்று நடந்தது. தை முகூர்த்தத்துக்காக ஒரு பெரிய ஜவுளிக்கடை மயில்கண் வரிசைப் புடவைகள் மொத்தத்தையும் எடுத்துக்கொள்கிறது. புடவையோடு வடிவமைத்தவரின் பெயரையும் படத்தையும் அச்சடித்த அட்டை ஒன்று வைக்கப்போகிறார்கள். மகாவீரன் கொடுத்த பெயர் சுகாசினி. நாளை படமெடுக்க வருகிறார்கள். அவள் கை மவுஸ் மேல் இருக்கிற மாதிரி ஒரு படம் வேண்டுமாம். அந்தக் கையை நதியாவுக்குத் தெரியும். நீண்ட விரல்கள், மருதாணி வெளுத்த நகங்கள், சுண்டுவிரல் மட்டும் லேசாக வளைந்திருக்கும். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு வருடமாக அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வயிறு எரிய எரியப் பார்த்திருக்கிறாள்.

அப்படி என்னதான் செய்கிறாள் என் டிசைனில்? அதைத் தெரிந்துகொள்ளத்தான் இன்று வந்தது. என்ன மாற்றுகிறாள் என்று கண்டுபிடித்துவிட்டால், அதை நாமே செய்துவிடலாம். பிறகு சுகாசினி எதற்கு?

அவள் முதல் ஃபைலைத் திறந்தாள். ஒரே டிசைனின் இரண்டு பிரதிகளையும் சாஃப்ட்வேர் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் காட்டும். இரண்டிலும் ஒன்றாக இருக்கிற இடமெல்லாம் கறுப்பு. மாறியிருக்கிற இடம் மட்டும் வெள்ளை. திரை முழுவதும் வெள்ளைக் கொடிகளும் பூக்களுமாக விரியும் என்று அவள் காத்திருந்தாள்.

திரை கறுத்தது. முழுக்கக் கறுப்பு.

பிறகு பார்த்தாள். இடது கோடியில், முந்தியின் கடைசி வரிசையில், ஒரே ஒரு கட்டம் வெள்ளையாக இருந்தது. ஒரு கட்டம் என்றால் புடவையில் ஓர் இழை. கையால் தடவினால்கூடத் தெரியாது. கடைசி மயில்கண்ணின் ஓரத்தில், இருக்கக் கூடாத இடத்தில் சுகாசினி ஒரு புள்ளி வைத்திருந்தாள்.

கை தவறிப் பட்டிருக்கும் என்று நினைத்து அடுத்ததைத் திறந்தாள். கறுப்பு. ஒரு புள்ளி. அடுத்தது. கறுப்பு. ஒரு புள்ளி. ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் இடத்தில், யாரும் தேடாத ஒரு மூலையில், ஒன்றே ஒன்று. கறுத்த திரையில் நதியாவின் முகம் மங்கலாகத் தெரிந்தது. நெற்றியில் கலைந்த முடி, காதோரத்து வியர்வை. அவள் தலையைச் சாய்த்தாள். புள்ளி சரியாக அவள் பிம்பத்தின் வலது கண்ணுக்குள் விழுந்தது. அடுத்த ஃபைலில் புள்ளி வேறெங்கோ இருந்தது. ஆனால் அவள் பார்க்கக் குனிந்தபோது அதுவும் கண்ணுக்குள்தான் வந்து உட்கார்ந்தது. அதற்கடுத்ததும்.

மழை கொஞ்சம் வலுத்தது. யாரோ பின்கழுத்தில் ஊதிய மாதிரி ஒரு குளிர். ஆனால் அதைவிடக் கோபம்தான் பெரிதாக வந்தது. இவ்வளவுதானா! இந்த ஒரு புள்ளிக்கா கை ராசி? இந்த ஒரு புள்ளிக்கா அட்டையில் பெயர், படம், சார் வாயில் சர்க்கரை? மீதி அத்தனை கட்டமும் அவளுடையது. கண் எரிய எரிய ஒவ்வொன்றாக நிரப்பியது அவள்.

உடனே ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனை என்றுதான் அப்போது பட்டது. தன் ஃபோல்டரை அப்படியே எடுத்துச் சுகாசினியுடையதன் மேல் போட்டுவிடுவது. புள்ளிகள் போய்விடும். நாளை சாரை உட்காரவைத்து அவர் கண் முன்னாலேயே இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டலாம். ஒரு வித்தியாசமும் இருக்காது. பாருங்க சார், இவ எதையும் செய்யல, நான் வரைஞ்சத அப்படியே வெச்சிருக்கா, அவ்வளவுதான் என்று சொல்லலாம். படமெடுக்க வருகிறவர்கள் யாரைப் படமெடுப்பார்கள் என்று அப்புறம் பார்க்கலாம்.

இடதிலிருந்து வலத்துக்கு மாற்றவா, பழையது அழிந்துவிடும், சரியா என்று கம்ப்யூட்டர் கேட்டது. சரி என்று அழுத்தினாள். பச்சைப் பட்டை ஓடியது. மறுபடி ஒப்பிட்டாள். சிவப்பு ஒன்றுகூட இல்லை. எல்லாம் ஒன்றே. நதியாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. நாற்காலியில் சாய்ந்து, கைகளைத் தலைக்குப் பின்னால் கோத்துக்கொண்டாள்.

கீழே பலகை அடித்தது.

ஒரே ஓர் அடி. மரத்தில் மரம் மோதுகிற, எல்லோருக்கும் தெரிந்த அந்தச் சத்தம். பிறகு மழை மட்டும்.

கீழே இருந்தது மாதிரித் தறி. புதிய டிசைன் எப்படி விழுகிறது என்று பார்க்க ஆபீஸில் வைத்திருப்பது. அதன் தலையில் இருக்கிற ஜக்கார்டுப் பெட்டிக்கு மாடியிலிருந்து ஒரு வயர் போகிறது. சுகாசினியின் ஃபோல்டரில் உள்ளதை அது படித்து இழைகளைத் தூக்கும். ஆனால் மிதிக்கக் கால் வேண்டும், பலகை அடிக்கக் கை வேண்டும். அதில் நெய்கிற குப்புசாமி அமாவாசையில் ஊரிலேயே இருக்க மாட்டார். ஷட்டரை அவள்தான் இறக்கினாள். பூனையாக இருக்கும் என்று நினைத்தாள். ஈரத்தில் மரம் உப்பி வெடித்திருக்கும் என்று நினைத்தாள். இரண்டையும் நம்பவில்லை.

திரையைப் பார்த்தாள். வரிசையில் ஒன்று சிவப்பாகியிருந்தது.

அவள் எதையும் தொடவில்லை. கைகள் இன்னும் தலைக்குப் பின்னால்தான் இருந்தன. அவற்றை மெதுவாக இறக்கி, மவுஸைப் பிடித்து, அந்த ஃபைலைத் திறந்தாள். கறுப்புக்கு நடுவில் இப்போது இருந்தது புள்ளி அல்ல. மெல்லிய வெள்ளைக் கோடு, மேலே ஒரு வளைவு, கீழே ஒரு வளைவு, இரு முனையும் கூடி நின்றன. மயில்கண் அவள் வரைகிற விதம் வட்டம். இது வட்டமில்லை. இமையுள்ள கண். உள்ளே ஒன்றுமில்லாத, குருட்டுக் கண்.

கீழே இன்னோர் அடி. இன்னொரு வரி சிவந்தது.

மேஜையில் போன் அதிர்ந்தபோது நதியா எழுந்தே நின்றுவிட்டாள். சுகாசினி. எடுக்காமல் இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே எடுத்தாள்.

"அக்கா, ஆபீஸ்ல இருக்கிறீங்களா?"

"இல்லையே. வீட்ல. ஏன்?"

மறுபக்கம் மூச்சு வாங்கியது. வலியை அடக்குகிறவர்களின் மூச்சு. பிறகு சுகாசினி கெஞ்சுகிற குரலில் கேட்டாள்.

"புள்ளிய எடுத்துட்டீங்களாக்கா?"

என்ன புள்ளி என்று கேட்கலாம். கேட்கவில்லை.

"கை எரிஞ்சிக்கினே இருக்குதுக்கா. இப்பத்தான் ஆரம்பிச்சிது. தண்ணில வெச்சிக்கினு இருக்கிறேன், அப்பவும் எரியுது."

அதற்கு மேல் அவள் சொன்னதெல்லாம் விட்டுவிட்டுத்தான் வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் சார் முதல் முறை பாராட்டினாராம். அன்று நதியா அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். அன்றைக்கே கை காந்த ஆரம்பித்துவிட்டது. மறுநாள் தறியில் பாவு அறுந்தது. யாரும் சொல்லித் தரவில்லை. குழந்தைக் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைக்கிறோமே, அப்படி ஒன்று வைத்துப் பார்ப்போம் என்று அவளாகத்தான் வைத்தாள். எரிச்சல் நின்றுவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு டிசைனிலும் ஒன்று. பார்க்கிற கண் அந்தப் புள்ளியில் தட்டிக்கொண்டு நின்றுவிடும், கைக்கு வராது.

"என் கண்ணுன்றியா?" என்றாள் நதியா.

"உங்கள குத்தம் சொல்லலக்கா. வேணும்னா யாரும் பாக்கறாங்க? நான் கிளம்பி வந்துக்கினே இருக்கிறேன். நானே வெச்சிடறேன். நீங்க எதையும் தொடாதீங்க. முக்கியமா அதப் பாக்காதீங்க."

போன் கட்டானது.

நதியா உட்கார்ந்தாள். சின்ன வயதில் அவள் அம்மா மரியம்மாள் கேலி செய்வாள். பக்கத்து வீட்டு முருங்கை கொத்துக் கொத்தாய்க் காய்த்ததை இவள் வேலியோரம் நின்று பார்த்தாளாம், மறுநாள் மரம் முறிந்து கிடந்ததாம். கல்லடி பட்டாலும் படலாம், எம் பொண்ணு கண்ணடி மட்டும் படக்கூடாதுமா என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நதியாவும் சிரிப்பாள். விளையாட்டாகக்கூட அதற்கப்புறம் அம்மா தன் செடிகளை அவளிடம் காட்டியதில்லை என்பது இப்போதுதான் ஞாபகம் வந்தது.

சுகாசினி சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ஆட்டோவில் வர எவ்வளவு நேரம் ஆகும்? மழையில் கொஞ்சம் கூடுதல். வருவாள். எரிகிற கையோடு வந்து, அத்தனை புள்ளியையும் திரும்ப வைப்பாள். எல்லாம் அடங்கும். நாளை சாரிடம் சொல்வாளோ மாட்டாளோ, சொன்னாலும் அழுதுகொண்டே, அக்காவை ஒண்ணும் சொல்லாதீங்க சார் என்றுதான் சொல்வாள். கெடுத்தவள் நதியா, சரிசெய்தவள் சுகாசினி. இதற்கும் அவளுக்குத்தான் பெயர்.

அந்த நினைப்பு வந்தவுடன் கீழே பலகை அடித்தது. நின்று, மறுபடியும் அடித்தது.

அவள் வரத் தேவையில்லை. ஒரு புள்ளிதானே? நானே வைத்துவிட்டால் போகிறது. நதியா சுகாசினியின் ஃபோல்டரில் முதல் ஃபைலைத் திறந்து, கடைசி மயில்கண்ணைத் தேடி, ஓரத்தில் ஒரு கட்டத்தை நிரப்பினாள். சரியான இடமா என்று நினைவில்லை. ஏறக்குறைய அதுதான். சேவ் செய்தாள்.

கீழே அடி விழுந்தது.

அடுத்தது. ஒரு புள்ளி. சேவ். அடி. அடுத்தது. அடி. கை வேகம் பிடித்தது. அடியும் வேகம் பிடித்தது. தறி தாளத்துக்கு வந்துவிட்டது. மற்ற நாட்களில் தெரு முழுக்கக் கேட்கிற அதே தாளம், இன்று ஒரே ஒரு தறியிலிருந்து. சுவர் அதிர்ந்தது. மேஜையில் தண்ணீர்ப் பாட்டில் நடுங்கியது. கடைசி ஃபைலிலும் புள்ளி வைத்து முடித்துவிட்டு அவள் கம்பேர் பட்டனை அழுத்தினாள். எல்லாம் சிவப்பு. நல்லது. அப்படித்தான் இருக்க வேண்டும். ஒன்றைத் திறந்தாள்.

இமையுள்ள கண். இப்போது குருடில்லை. அவள் வைத்த புள்ளி ஓரத்தில் இல்லை. நடுவில் இருந்தது. கண்மணியாக.

அடுத்தது. அடுத்தது. எல்லாவற்றிலும்.

கோயில் சிலைக்குக் கடைசியில்தான் கண் திறப்பார்கள். ஒரு புள்ளிதான், உளி முனையால். அதுவரைக்கும் அது கல். குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு வைப்பவள் தாய். கண் போட்டவளைக் கூப்பிட்டு யாராவது வைக்கச் சொல்வார்களா? இது நதியாவுக்குத் தெரியாத விஷயமில்லை. அந்த நேரத்தில் தோன்றவில்லை.

கண்கள் அவளைப் பார்க்கவில்லை. அதுதான் முதலில் அவளுக்கு உறைத்தது. எல்லாம் ஒரே பக்கம் பார்த்தன. இடது பக்கம், கீழே, ஷட்டர் இருக்கிற திசையில். யாருக்காகவோ காத்திருக்கிற மாதிரி.

கரண்ட் போனது.

விளக்கும் விசிறியும் அணைந்தன. யுபிஎஸ் கீ கீ என்று கத்த ஆரம்பித்தது. அவள் குனிந்து அதன் பொத்தானை அமுக்கிப் பிடித்தாள். கத்தல் நின்றது, திரை செத்தது. தறிக்குப் போகிற வயரைப் பிடித்து இழுத்துப் பிடுங்கினாள்.

தறி நிற்கவில்லை.

வெளியே போக ஒரே வழி, கீழே. அவள் கைப்பையை விட்டுவிட்டுப் படிக்கு வந்தாள். சுவரைத் தடவிக்கொண்டு இறங்கினாள். ஒவ்வொரு படிக்கும் எண்ணெய் வாடையும் பட்டுக் கஞ்சி வாடையும் ஏறிக்கொண்டே வந்தன. அவற்றுக்கு அடியில் இன்னொரு வாடை. பூசணிக்காயும் குங்குமமும் என்று முதலில் நினைத்தாள். இல்லை. குங்குமத்துக்கு அந்த இரும்பு வாடை கிடையாது.

பாதிப் படியில் நின்றாள். அங்கிருந்து தறி தெரிந்தது.

குப்புசாமி உட்காரும் இடம் காலியாக இருந்தது. மிதிகள் தாமாகத் தாழ்ந்து எழுந்தன. ஊடை நூலைச் சுமந்து ஓடும் நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடியது. பலகை வந்து அடித்தது. ஷட்டர் இடுக்கில் நுழைந்த சாம்பல் வெளிச்சத்தில் முந்தி வளர்ந்துகொண்டிருந்தது. வரிசை வரிசையாக மயில்கண். வரிசை வரிசையாக இமை. அத்தனையிலும் மணி. நெய்து முடிந்த கண்கள் இமைக்கவில்லை. இமைத்திருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நாடாவுக்குள் நூல் கட்டை இல்லை. அது காலியாக ஓடியது. நெய்கிற நூல் வேறெங்கிருந்தோ வந்தது. நதியா அதைக் கண்ணால் தொடர்ந்தாள். சிவப்பு நூல். ஈரமான சிவப்பு. தறியிலிருந்து தரைக்கு இறங்கி, சிமெண்டுத் தரையில் நேர்கோடாக ஓடி, ஷட்டருக்கு அடியில் புகுந்து, வெளியே மழைக்குள் போயிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் அது விண்ணென்று இழுபட்டது.

தெருவில் ஓர் ஆட்டோ வந்து நின்றது.

வராதே என்று கத்த வாயைத் திறந்தாள். தறிச் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. ஷட்டர் ஒரு முழம் உயர்ந்தது. இரண்டு முழம். இடது கையால்தான் தூக்கினாள் சுகாசினி. குனிந்து உள்ளே வந்தாள். முடி நனைந்து கன்னத்தில் ஒட்டியிருந்தது. வலது கையை ஈரத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்திருந்தாள். துண்டு வெள்ளையாக இருந்திருக்க வேண்டும்.

நூல் துண்டுக்குள் போனது.

சுகாசினி அதைப் பார்த்தாள். தறியைப் பார்த்தாள். பிறகு படியில் நின்ற நதியாவைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபமில்லை. இருந்திருக்கலாம். துண்டு நழுவி விழுந்தது.

சுண்டுவிரல் நுனியிலிருந்து நூல் வந்துகொண்டிருந்தது. தோல் இழை இழையாக, நேர்த்தியாக, ஒரு சிக்கில்லாமல் பிரிந்து, பலகை அடிக்க அடிக்கக் கீழே ஓடியது. வளைந்த அந்தச் சுண்டுவிரல் ஏற்கெனவே பாதிதான் இருந்தது.

"அக்கா," என்றாள் சுகாசினி. "பாக்காதீங்கக்கா."

நதியா கண்களை இறுக மூடிக்கொண்டாள். இரண்டு உள்ளங்கையாலும் பொத்திக்கொண்டாள். இருட்டு.

இருட்டில் சுகாசினி தெரிந்தாள்.

படியிலிருந்து இல்லை. கீழேயிருந்து, தறி உயரத்திலிருந்து தெரிந்தாள். ஒரு சுகாசினி இல்லை. வரிசை வரிசையாக, பக்கத்தில் பக்கத்தில், ஒரே மாதிரி, ஒரு புள்ளிகூட மாறாமல். எல்லோரும் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். நதியா முகத்தைச் சுவரில் அழுத்தினாள். விரல்களைக் கண்குழிக்குள் அழுத்தினாள். இந்த இரண்டை மூடலாம். கீழே தறியில் இருக்கிற கண்களை எந்தக் கையால் மூடுவது?

பார்க்கக் கூடாது. நினைக்கவும் கூடாது. அவள் வேறு எதையாவது நினைக்கப் பார்த்தாள். அம்மாவை, பஸ்ஸை, நாளையை. முடியவில்லை. இந்த நிலையிலும் எவ்வளவு அழகான கை என்று தோன்றிவிட்டது.

பலகை அடித்தது. சுண்டுவிரல் முடிந்து, மோதிர விரல் தொடங்கியது.